நாற்பத்தொன்றாம் பக்கம்

என் தங்கை பத்தொன்பது வேலை நாட்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு என்னிடம் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் அறைக்கு மேலே நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் தூண்கள் பலமிழந்துவிட்டன, ஓர் அளவுக்கு மேல் அதில் தண்ணீர் நிறுத்தக் கூடாது என்பதுதான் அந்த விஷயம். தொட்டியோ தினமும் விளிம்புவரை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு அவள்மேல் கோபம் இருக்கிறது. பெருமை அதைவிட அதிகமாக இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நடைமேடைக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. கண்ணால் பார்க்காததை எழுத எனக்குக் கை வராது. ஆகவே இதில் இருப்பதெல்லாம் நான் பார்த்தது, என் வீட்டில் பேசியது, விசாரணையில் என் முன்னால் வாசித்தது, இவ்வளவுதான்.

தங்கை என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி, அரசாங்க அலுவலகத்தில் ஒப்பந்தப் பிரிவில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே ஒரு உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வேலையில் பார்ப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று. மற்றவர்கள் அந்தத் தாளைக் கையெழுத்துப் போட்ட மறுநிமிடம் மறந்திருப்பார்கள். இவள் அதன் நகலை அலமாரியில் தன் சான்றிதழ்களோடு வைத்திருக்கிறாள்.

அவளுடைய வேலை வெளியில் பலருக்குத் தெரியாது. அரசாங்கம் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போடுகிறது. அதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது மனு கொடுத்தால், நகல் கொடுத்தாக வேண்டும். ஆனால் கம்பெனியின் தொழில் ரகசியம் அதில் இருந்தால் அதை மறைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். மறைக்கிறவள் என் தங்கை. மர அடிக்கோலை வைத்து, தடித்த கறுப்புப் பேனாவால் வரிவரியாக மூடுவாள். அலுவலகத்தில் அவளுக்கு 'மை அக்கா' என்று பெயர். சேர்ந்த முதல் வருடம் மை பூசிய தாளையே ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூடிய எல்லாவற்றையும் சத்தம் போட்டு வாசித்தாராம். அதற்கு ஒரு மெமோ வந்தது. அன்றிலிருந்து மை பூசிய தாளை மறுபடியும் நகல் எடுத்து, அதை ஜன்னலில் ஒட்டிப் பார்த்த பிறகுதான் கொடுப்பாள்.

மூடுவதோடு வேலை முடியாது. காரணப் பட்டியல் என்று ஒரு தாள் உண்டு. அதில் மூன்று கட்டம். எந்தப் பக்கம், எந்த வரி என்பது முதலாவது. அந்த வரி எதைப் பற்றியது என்பது இரண்டாவது. ஏன் மூடினோம் என்பது மூன்றாவது. கண்காணிப்பாளர் அதில் கையெழுத்துப் போடுவார். நகலோடு சேர்த்து அந்தத் தாளும் மனு கொடுத்தவர் கைக்குப் போகும். அதை யாரும் படிப்பதில்லை. படிக்கிறவர்கள் மூடாத பக்கங்களைப் படிப்பார்கள். மூடிய பக்கங்களைப் பார்த்துத் திட்டுவார்கள். அவ்வளவுதான். என் தங்கை மட்டும் அந்த மூன்று கட்டத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிரப்புவாள்.

வீட்டில் அவள் வாயைக் கிளற என் மனைவி செய்யாத தந்திரம் இல்லை.

"ஏம்மா, நம்ம தெரு ரோடு கான்ட்ராக்ட் யாருக்குக் கெடச்சுது? எங்கிட்ட மட்டும் சொல்லு."

"நடந்து பாருங்க அண்ணி, தெரிஞ்சிரும்."

"உங்க தங்கச்சி வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவிய ஆத்துல வீசிட்டு வந்திருக்கா" என்பாள் மனைவி. தங்கை சிரிப்பாள். அத்தோடு சரி.

எங்கள் பேருந்து நிலையத்தின் நடுவில்தான் அந்தத் தொட்டி நிற்கிறது. பன்னிரண்டு தூண். அதன் நிழலில் முதல் நான்கு நடைமேடை, என் அறை, ஒரு டீக்கடை, ஓரமாக ஒரு தையல் கடை. நல்ல நிழல் என்பதால் மொத்தக் கூட்டமும் அங்கேதான் நிற்கும். ஒரு நாளைக்கு நாலாயிரம் பேருக்குக் குறையாது. போன வருடம் தொட்டியைப் பழுது பார்க்க ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அவர்கள் வந்ததும் முதல் வேலையாகத் தூண்களுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். அப்புறம் ஏணியைச் சாத்தி வைத்துவிட்டுப் போனார்கள். ஏணி நின்றது, ஆளைக் காணோம். பெயின்ட் காய்ந்த ஒரு மாதத்தில், மூன்றாவது வரிசைத் தூண்களில் அதையும் மீறிச் செம்பழுப்புக் கோடுகள் மேலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தன.

தையல் கடை அம்மா தைத்துத் தேய்த்து அடுக்கிய துணிமேல் அந்தச் செம்பழுப்புத் தண்ணீர் சொட்டியது. மூன்று முறை சொட்டியபின் அந்த அம்மா பொறுக்கவில்லை. அலுவலகத்துக்கே போய், 'தொட்டியில் என்ன பழுது, என்ன வேலை செய்ய ஒப்பந்தம், நகல் வேண்டும்' என்று மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது. என்னிடம் வந்து, "டைம் கீப்பர் சார், எங்கேயோ ஒரு மேசையில தூங்கப் போகுது பாருங்க என் மனு" என்றது. அது என் தங்கையின் மேசைக்குத்தான் போயிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

அதற்கு இரண்டாம் நாள், மதியம் ஒன்று பத்துக்கு, என் தங்கை சாப்பாட்டு டப்பாவோடு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

பதினைந்து வருடத்தில் அவள் என் அறைக்கு இரண்டே முறைதான் வந்திருக்கிறாள். அவள் அலுவலகத்திலிருந்து வெயிலில் பத்து நிமிடம் நடக்க வேண்டும்.

"என்னம்மா, உங்க கேன்டீன்ல இடமில்லையா?"

"இங்க காத்து நல்லா வருது அண்ணே."

"காத்தா? டீசல் புகைடி அது."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். மெதுவாகச் சாப்பிட்டாள். ஒன்று ஐம்பதுக்குக் கிளம்பினாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். சாப்பிடும்போது அவள் கண் அடிக்கடி கூரைக்குப் போனது. விசிறியைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் வெளியே டமால் என்று ஏதோ விழுந்தது. டீக்கடையில் இரும்புத் தட்டு. கையிலிருந்த டப்பா மூடி கீழே விழ, அவள் எழுந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள். "தட்டுதான் பாப்பா" என்றேன். உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஆனாலும் ஒன்று ஐம்பது ஆகும்வரை எழுந்திருக்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன். "ஆபீஸ்ல யாரோடயாவது சண்டையா இருக்கும். கேக்காதீங்க, கேட்டா மட்டும் சொல்லிடப் போறாளா" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் ஓர் ஆள் வந்தார். பளபளக்கும் ஷூ, கையில் கம்பெனி பெயர் போட்ட பைல். மூன்றாவது வரிசைத் தூணைப் பேனாவின் பின்பக்கத்தால் தட்டி, காது வைத்துக் கேட்டார். இன்னொரு தூணையும் தட்டினார். டீக்கடைக்காரர், "சார், டீ சாப்பிட்டுப் போங்க, நிழல்ல உக்காருங்க" என்றார். "வேண்டாம், வேண்டாம்" என்று வேகமாக நடந்தார். அவருடைய கார் சாலைக்கு அந்தப் பக்கம், கொளுத்தும் வெயிலில் நின்றது. உள்ளே இவ்வளவு நிழல் இருக்க, ஏன் அங்கே நிறுத்தினார் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான். மூன்றாம் நடைமேடைக்கு வண்டி வந்துவிட்டது, எழுதப் போய்விட்டேன்.

அந்த நாட்களில் அலுவலகத்தில் நடந்தது பிறகு விசாரணையில் வாசிக்கப்பட்டது. கம்பெனி அந்த ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்திலும் 'ரகசியம்' என்று சிவப்பு முத்திரை குத்தியிருந்தது. எழுத்தே இல்லாத வெற்றுப் பக்கத்திலும் குத்தியிருந்தது. எந்தப் பக்கம் ஏன் ரகசியம் என்று பக்கவாரியாகக் காரணம் கேட்டு என் தங்கை அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினாள். பத்து வேலை நாள் அவகாசம். அது விதி. ஒன்பதாம் நாள் ஒரே வரியில் பதில் வந்தது: 'அனைத்துப் பக்கங்களும் எங்கள் வணிக ரகசியம்.' அது பதிலாகாது என்று கோப்பில் எழுதினாள். தூணுக்குப் பூசும் கலவையின் விகிதம் மட்டும் நிஜமான தொழில் ரகசியம், அதை மூடலாம், மற்றதெல்லாம் திறந்து கொடுக்க வேண்டும் என்று குறிப்பு வைத்தாள்.

கண்காணிப்பாளர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது.

"நாப்பத்தொண்ணாம் பக்கம் மட்டும் மூடிடும்மா."

"காரணம் என்ன எழுதட்டும் சார்?"

"நான் சொல்றேன், போதாதா?"

"எழுத்துல குடுத்தா நல்லாயிருக்கும் சார்."

"மேலேர்ந்து எனக்கு எழுத்துலயா வந்துச்சு? மூடுன்னா மூடு."

"சரிங்க சார்."

மூடினாள். அடிக்கோலை வைத்து, ஏழாம் வரியிலிருந்து ஒன்பதாம் வரி வரை. மறு நகல் எடுத்து, ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். ஒரு எழுத்தும் தெரியவில்லை. பிறகு காரணப் பட்டியலை நிரப்பி, கையெழுத்துக்கான இடத்தில் வழக்கம்போலப் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு, கட்டோடு அவர் மேசையில் வைத்தாள். அவர் வழக்கம்போலப் பெருக்கல் குறி இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். முப்பது வருடப் பழக்கம். குறியைத்தான் பார்ப்பார், தாளைப் பார்ப்பதில்லை.

மறுநாள் காலை பதினொன்று இருபதுக்குத் தையல் கடை அம்மா என் அறைக்குள் வந்தது. மூச்சு வாங்கியது.

"சார், இதப் படிங்க. எனக்குத்தான் தப்பாப் புரியுதான்னு பாருங்க."

காரணப் பட்டியல். கையெழுத்து என் தங்கையுடையது. அந்த உருண்டை எழுத்தை எனக்குத் தெரியாதா? படித்தேன்.

'பக்கம் 41, வரி 7 முதல் 9 வரை. தூண்கள் பலப்படுத்தப்படும்வரை தொட்டியில் நிறுத்தலாம் எனக் குறிக்கப்பட்ட நீரின் உயரம். மூடியதற்குக் காரணம்: நிறுவனம் காரணம் எதுவும் தரவில்லை. கண்காணிப்பாளரின் வாய்மொழி உத்தரவு.'

கீழே அவருடைய கையெழுத்து.

"அப்படின்னா," என்றது அந்த அம்மா, "இவ்ளோதான் தண்ணி நிக்கலாம்னு ஒரு அளவு இருக்கு. அத மறைச்சிருக்காங்க. சரிதானே?"

"சரிதாம்மா."

"இப்ப எவ்ளோ நிக்குது?"

வெளியே வழிகுழாயிலிருந்து தண்ணீர் சளசளவென்று சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றுதான் முதல் முறையாக அதைக் காது கொடுத்துக் கேட்டேன்.

எழுந்து வெளியே வந்தேன். நான்கு நடைமேடையிலும் ஆட்கள். மூட்டை, குழந்தை, டீ கிளாஸ். ஒலிபெருக்கியை எடுத்தேன். ஒன்று முதல் நான்குவரை நடைமேடை வண்டிகள் எல்லாம் வெளிச் சாலையிலிருந்து கிளம்பும் என்று அறிவித்தேன். "இந்த வெயில்லயா? ஏன்யா, தூங்கி எந்திரிச்சு வந்தியா?" என்று ஒரு டிரைவர் கத்தினார். "ஆமாய்யா, இப்பத்தான் முழிச்சேன், வண்டிய எடு" என்றேன். பதினொன்று ஐம்பத்தைந்துக்குள் எல்லாரையும் நகர்த்திவிட்டேன். பதிவேட்டில் காரணம் எழுதி, அந்தத் தாளின் எண்ணையும் குறித்தேன்.

நிலைய மேலாளர் ஓடி வந்து, யாரைக் கேட்டு நகர்த்தினாய் என்று குதித்தார். தாளை நீட்டினேன். படித்தார். "இத ஏன்யா எங்கிட்டக் காட்டின?" என்றார். படித்துவிட்ட பிறகு அவராலும் வண்டிகளைத் திருப்பி அனுப்ப முடியவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு, தங்கை சாப்பிட வருவாளே என்ற நினைவு வந்தது. ஒன்று பத்துக்கு அவள் வரவில்லை. அன்று மட்டும் வரவில்லை.

அப்போதுதான் எல்லாம் புரிந்தது.

தண்ணீரை இறக்க அவர்களுக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் வேறு பொறியாளர்கள் வந்து மூன்றாவது வரிசைத் தூணில் பூச்சைத் தட்டினார்கள். உள்ளே கம்பி இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்புத் தூள் இருந்தது. கையால் அள்ளலாம் போல. தட்டியவர் சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, நடக்கிற சத்தம்கூட வராமல் பின்வாங்கினார். அதை நான் பார்த்தேன்.

அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மனைவிதான் ஆரம்பித்தாள்.

"உங்க அண்ணன் தலைக்கு மேல அது நின்னுச்சும்மா. தெரியும் உனக்கு. ஒரு வார்த்தை, 'அண்ணே லீவு போடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கூடப் பொறந்தவதானே நீ?"

தங்கை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அண்ணனுக்கு மட்டும் சொல்லி அவர மட்டும் நகத்திட்டா, கீழ நிக்கிற மத்தவங்க மூஞ்சில நான் எப்படி அண்ணி முழிப்பேன்?"

"எல்லாருக்கும் சொல்லேன்!"

"நான் வாயால சொன்னா அது வதந்தி. மறுநாளே என்னை வேற எங்கேயாவது போட்டு, அந்தப் பக்கத்தையே மாத்தி வெச்சிருப்பாங்க. தண்ணி மட்டும் அப்படியே இருக்கும். அவங்க கையெழுத்தோட தாள் வெளிய வந்தாத்தான் தண்ணி இறங்கும்."

"அதுக்குள்ள விழுந்திருந்தா?"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். விழுந்தா நீயும் என்கூட இருக்கணும்னுதான் தினமும் வந்து உட்கார்ந்தியா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

அடுத்த வாரம் அவளைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். குற்றச்சாட்டு: ரகசியத்தை முன்கூட்டியே அண்ணனிடம் சொன்னாள். சாட்சி: என் பதிவேடு.

டைம் கீப்பர் அறைக்கு வெளியாள் யார் வந்தாலும் எழுத வேண்டும் என்பது விதி. கூடப் பிறந்தவள் என்றாலும் வெளியாள்தான். எழுதியிருந்தேன். பதினெட்டு முறை. உள்ளே 1.10, வெளியே 1.50. வேறு எந்த டைம் கீப்பரும் தன் தங்கை சாப்பிட வந்ததை எழுதியிருக்க மாட்டான். நான் எழுதினேன். அந்தப் பக்கங்களில் அடையாளத்துக்குக் காகிதக் கொடி ஒட்டி விசாரணை அதிகாரி மேசைமேல் விரித்து வைத்திருந்ததைப் பார்த்தபோது என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"பதினஞ்சு வருஷத்துல ரெண்டே தடவ வந்தவங்க, இந்த ஃபைல் கைக்கு வந்த அன்னைலேர்ந்து தினமும் வர்றாங்க. எதுக்கு?"

"சாப்பிட, சார்."

"நாப்பது நிமிஷம் என்ன பேசினீங்க?"

"நான் பேசினேன் சார். அவ கேட்டுக்கிட்டிருந்தா."

"தொட்டியப் பத்தி ஒரு வார்த்தைகூட வரலைன்னு சொல்றீங்க. நம்பணுமா?"

"என்னை நம்ப வேணாம் சார். அதே பக்கத்துல கீழ பாருங்க. அந்தப் பதினெட்டு நாள்ல முதல் நாலு நடைமேடையில நான் நிறுத்துன வண்டி ஆயிரத்து எழுநூத்து முப்பத்தாறு. ஒவ்வொண்ணும் நேரத்தோட இருக்கு. தெரிஞ்சிருந்தா ஒரு வண்டிய நிறுத்தியிருப்பேனா?"

அவர் பக்கங்களைப் புரட்டினார். வெகு நேரம் புரட்டினார். மூடிய பக்கத்தின் நகலையும் ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "உங்களுக்குச் சொல்லலைன்னு கோபம் இல்லையா?" என்றார்.

"இருக்கு சார். அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று ஒன்றரை மாதம் கழித்து உத்தரவு வந்தது. அதே உத்தரவில் இன்னும் இரண்டு இருந்தன. என் தங்கை ஒப்பந்தப் பிரிவிலிருந்து பழைய கோப்புகள் அறைக்கு மாற்றம். காரணப் பட்டியலில், மூடிய வரி எதைப் பற்றியது என்று எழுதும் இரண்டாம் கட்டம் இனித் தேவையில்லை.

தொட்டி வேலை வேறொரு கம்பெனிக்குப் போனது. ஏணி வந்தது, இந்த முறை ஆட்களும் வந்தார்கள். ஐந்து மாதத்தில் முடிந்தது என்றார்கள். தூண்களுக்கு வெள்ளைப் பெயின்ட். தையல் கடை அம்மா புது ஒப்பந்தத்துக்கு மனு போட்டது. நாற்பத்தைந்து பக்கத்தில் முப்பத்தெட்டுப் பக்கம் கறுப்பாக வந்தது. காரணப் பட்டியலில் முப்பத்தெட்டு முறை ஒரே வார்த்தை: 'ரகசியம்.' எதை மூடினார்கள் என்று கண்டுபிடிக்க அதில் ஒரு புள்ளிகூட இல்லை. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தோம். சுத்தமான நகல்.

போன வாரம் எனக்கு உத்தரவு வந்தது. திங்கள்கிழமை முதல் வண்டியிலிருந்து, ஒன்று முதல் நான்குவரை நடைமேடைகள் பழையபடி இயங்க வேண்டும்.

அந்தத் தாளைத் தங்கையிடம் காட்டினேன். கோப்பு அறைத் தூசியில் அவளுக்கு இப்போது எப்போதும் இருமல்.

"நீயே சொல்லு. அந்த அறையில உக்காரலாமா?"

தாளை இரண்டு முறை படித்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரியாது அண்ணே" என்றாள். "சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாது."

திங்கள்கிழமை காலை ஐந்து பத்துக்கு முதல் வண்டி மூன்றாம் நடைமேடைக்கு வந்து நின்றது. எழுதினேன். மேலே தொட்டிக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.